மாமியார் உடைத்தால் மண்குடம்... நம்ம கட்சி உடைத்தால்?

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். பேப்பர், பேனா எதுவும் வேண்டாம். போனைக் கையில் வைத்துக்கொண்டே மனசுக்குள் போட்டுப் பாருங்கள்.

தோல் தடிப்புக்குப் புதிதாக ஒரு கிரீம் வந்திருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று சோதிக்கிறார்கள். கிரீம் தடவிக்கொண்டவர்களில் 223 பேருக்குத் தடிப்பு குறைந்தது, 75 பேருக்கு அதிகமானது. எதுவும் தடவாமல் விட்டவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்கு அதிகமானது. இப்போது சொல்லுங்கள், கிரீம் நல்லதா, கெட்டதா?

"223 பேருக்குக் குறைஞ்சிருக்கே, நல்ல கிரீம்தான்" என்று தோன்றினால், பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால், கிரீம் தடவியவர்கள் மொத்தம் 298 பேர். அதில் 223 என்றால் சுமார் 75 சதவிகிதம். தடவாதவர்கள் மொத்தம் 128 பேர். அதில் 107 என்றால் சுமார் 84 சதவிகிதம். அதாவது, சும்மா விட்டவர்களுக்குத்தான் அதிகமாகக் குணமாகியிருக்கிறது. கிரீமை வாங்காமல் இருப்பதே நல்லது.

இந்தக் கணக்கை, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் கஹானும் அவர் குழுவினரும் ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்கர்களிடம் கொடுத்தார்கள். 2013-ல் வெளிவந்த ஆய்வு இது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் தப்பாகச் சொன்னார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். இதில் ஆச்சர்யம் எதுவும் இல்லை.

ஆச்சர்யம் அடுத்த கட்டத்தில்தான். வேறு சிலரிடம் இதே எண்களைக் கொடுத்து, தலைப்பை மட்டும் மாற்றினார்கள். கிரீமுக்குப் பதில் துப்பாக்கி. பொது இடங்களில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடைசெய்த நகரங்களில் குற்றம் குறைந்ததா, கூடியதா என்று கேள்வி. அமெரிக்காவில் துப்பாக்கி என்றாலே கட்சி அரசியல்தான். ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்பவர்களில் பெரும்பாலோர் தடை வேண்டும் என்பார்கள். குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்பவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்பார்கள்.

என்ன நடந்தது? கணக்கின் விடை 'தடை போட்டதால் குற்றம் குறைந்தது' என்று வரும்படி எண்களை வைத்தபோது, தடையை ஆதரிக்கும் கணக்குப் புலிகள் சரியாகக் கண்டுபிடித்தார்கள். எண்களை இடம் மாற்றி, 'தடை போட்டதால் குற்றம் கூடியது' என்று வரும்படி வைத்தபோது அதே புலிகள் சறுக்கினார்கள். எதிர்த்தரப்புப் புலிகள் அப்படியே தலைகீழ். கிரீம் என்றால் ஒழுங்காக வேலை செய்த மூளை, துப்பாக்கி என்றதும் பக்கம் பார்த்து வேலை செய்தது. இன்னொரு விஷயம், கணக்கு நன்றாகத் தெரிந்தவர்களிடையேதான் இந்த இடைவெளி பெரிதாக இருந்தது. (பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது, இந்தக் கடைசிப் பகுதி எல்லா முறையும் அதே அளவில் வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

இதற்கு உளவியலில் 'மோட்டிவேட்டட் ரீசனிங்' என்று பெயர். நம் ஊர் பாஷையில், முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தை அப்புறம் தேடுவது. நம் பாட்டிகளுக்கு இது புதிதில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

'நம்பலாமா?', 'நம்பித்தான் ஆகணுமா?'

இந்தச் சறுக்கல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால், யாரும் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை என்று புரியும். கிரீம் கணக்கில் முதல் பார்வையில் ஒரு விடை வருகிறது. அந்த விடை நமக்குப் பிடித்திருந்தால் அங்கேயே நின்றுவிடுகிறோம். பிடிக்காவிட்டால், 'இரு, இதுல ஏதோ இருக்கு' என்று மறுபடி போட்டுப் பார்க்கிறோம். கணக்கு தெரிந்தவருக்கு அந்த இரண்டாவது முயற்சியில் சரியான விடை கிடைக்கிறது. ஆக, அவரிடம் திறமை இருக்கிறது. பிடிக்காத விடை வந்தால்தான் அதை வெளியே எடுக்கிறார்.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச் இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்தார். பிடித்த செய்தி வந்தால் மனசு கேட்கும் கேள்வி, 'இதை நம்பலாமா?' பிடிக்காத செய்தி வந்தால் கேட்கும் கேள்வி, 'இதை நம்பித்தான் ஆகணுமா?' முதல் கேள்விக்கு ஒரே ஒரு ஆதாரம் போதும், 'நம்பலாம்' என்று முடித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒரு ஓட்டை போதும், 'நம்ப வேண்டியதில்லை' என்று தூக்கிப் போட்டுவிடலாம். உலகத்தில் எந்தச் செய்தியிலும் ஓர் ஆதாரமும் இருக்கும், ஓர் ஓட்டையும் இருக்கும்.

இது அரசியலில் மட்டும் நடப்பதில்லை. காபியில்கூட நடக்கும். ஜீவா குண்டா என்ற உளவியலாளர் 1980-களில் செய்த சோதனை ஒன்று உண்டு. காபியில் இருக்கும் கஃபீன் பெண்களுக்கு ஒருவகை நோயை உண்டாக்கலாம் என்று சொல்லும் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார். காபி அதிகம் குடிக்காத பெண்கள், 'இருக்கலாம்' என்றார்கள். நிறைய குடிக்கும் பெண்கள், 'அவ்வளவு நம்பகமா தெரியலையே' என்றார்கள். ஆண்களுக்கு அந்தக் கட்டுரையால் பயம் எதுவும் இல்லை. அதனால், நிறைய குடிப்பவர், குறைவாகக் குடிப்பவர் என்ற வித்தியாசமே இல்லாமல் ஒரேமாதிரி மதிப்பிட்டார்கள். கும்பகோணம் டிகிரி காபியோடு இதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் மன்னிக்கவும்.

ஆயிரமும் ஆயிரத்து ஐந்நூறும்

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் மார்ச் மாதத்தில், குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தி.மு.க அறிவித்தது. அதைத் தொடர்ந்து 1,500 ரூபாய் என்று அ.தி.மு.க அறிவித்தது. எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சியும் உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பும் உண்டு. மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

மாமாவுக்கு 1,500 ரூபாய் 'பெண்களின் பொருளாதார சுதந்திரம்', 1,000 ரூபாய் 'கஜானாவைக் காலி பண்ற வேலை.' சின்னத் தொகைக்குக் கஜானா காலியாகி, பெரிய தொகைக்குக் காலியாகாமல் இருப்பது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பா மட்டும் சளைத்தவரா? அவருக்கு 1,000 ரூபாய் 'யோசிச்சு, கணக்குப் பார்த்துச் சொன்னது', 1,500 ரூபாய் 'தோல்வி பயத்துல வந்தது.'

"மாமா, ரெண்டும் ஒரே திட்டம்தானே?" என்று கேட்டேன்.

"உனக்கு அரசியல் தெரியாதும்மா. அது வேற, இது வேற" என்றார்.

பெரியப்பாவிடம் தனியாகக் கேட்டபோதும் பதில் கிட்டத்தட்ட அதேதான். "நீ சின்னப் பொண்ணு, அவங்க ஆட்சியைப் பார்த்ததில்லை" என்பது மட்டும் கூடுதல்.

இது தமிழ்நாட்டு நோய் என்று வடக்கே இருப்பவர்கள் சிரிக்க முடியாது. 2022 ஜூலையில் பிரதமர் மோடி, தேர்தல் இலவசங்களை 'ரேவடி கலாசாரம்' என்று விமர்சித்தார். ரேவடி என்றால் எள்ளில் செய்யும் மிட்டாய். மறு ஆண்டே பா.ஜ.க ஆண்ட மத்தியப் பிரதேசத்தில் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 'லாட்லி பெஹ்னா' திட்டம் வந்தது. அதே 2023-ல் கர்நாடகாவில் காங்கிரஸ் அரசு குடும்பத் தலைவிகளுக்கு 2,000 ரூபாய் கொடுக்கும் 'கிருஹ லட்சுமி'யைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு செப்டம்பரில் 'கலைஞர் மகளிர் உரிமைத்தொகை' வந்தது. எது மிட்டாய், எது உரிமை, எது நலத்திட்டம் என்று கேட்டுப் பாருங்கள். பதிலைவிட, பதில் சொல்பவர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்பது நன்றாகத் தெரிந்துவிடும்.

திட்டங்களுக்கிடையே உண்மையான வித்தியாசங்கள் இருக்கலாம். யாருக்குப் போகிறது, மாநிலத்தின் கடன் எவ்வளவு, அந்தப் பணத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்பவை நியாயமான கேள்விகள். அந்தக் கேள்விகளை நம் கட்சித் திட்டத்திடமும் கேட்கிறோமா என்பதில்தான் சிக்கல்.

ஜெஃப்ரி கோஹென் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். 2003-ல் வெளியான ஆய்வு. மாணவர்களிடம் ஏழைகளுக்கான நலத்திட்டம் ஒன்றைக் கொடுத்தார். ஒரு வடிவத்தில் அள்ளிக் கொடுக்கும் திட்டம். இன்னொரு வடிவத்தில் கிள்ளிக் கொடுக்கும் திட்டம். 'இதை இந்தக் கட்சி ஆதரிக்கிறது' என்ற ஒரு வரி சேர்க்கப்பட்டதும் திட்டத்தில் என்ன இருக்கிறது என்பதே முக்கியமில்லாமல் போனது. அள்ளிக் கொடுப்பதை விரும்பும் தாராளவாத மாணவர்கள், தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்றதும் கிள்ளிக் கொடுப்பதற்குக் கைதூக்கினார்கள். பழைமைவாத மாணவர்கள் தங்கள் கட்சி பெயரைப் பார்த்ததும் அள்ளிக் கொடுப்பதற்குக் கைதூக்கினார்கள்.

எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி கடைசியில் வருகிறது. 'எதை வைத்து முடிவு செய்தீர்கள்?' என்று கேட்டபோது, திட்டத்தின் விவரங்களை வைத்துத்தான் என்றார்கள். 'கட்சிப் பெயரைப் பார்த்து மயங்குவது யார்?' என்றால், மற்றவர்கள்!

இதுவரை படித்ததில் உங்களுக்கு யாருடைய முகம் ஞாபகம் வந்தது? மச்சானா, மேனேஜரா, எதிர்வீட்டு அங்கிளா? கண்ணாடியில் தெரியும் முகம் வந்திருந்தால் நீங்கள் அபூர்வமான ஆள்.

ஒரே வீடியோ, இரண்டு கண்கள்

கணக்கும் கருத்தும்தான் இப்படி வளையும், கண்ணால் பார்ப்பது வளையாது என்று நினைக்கலாம். அதுவும் வளையும். 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்ற இரண்டு அமெரிக்கக் கல்வி நிறுவனங்களுக்கிடையே நடந்த கால்பந்து ஆட்டத்தில் ஏகப்பட்ட அடிதடி. ஒரு பக்கம் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, மறுபக்கம் ஒருவருக்குக் கால் உடைந்தது. பிறகு அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். பிரின்ஸ்டன் மாணவர்கள் எதிரணி செய்ததாக எண்ணிய தவறுகள், அந்த அணியின் சொந்தக் கல்லூரி மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

கிரிக்கெட்டில் நம் ஆள் எல்.பி.டபிள்யூ ஆனால் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போவது நமக்குத் தெளிவாகத் தெரியுமே, அதேதான்.

விளையாட்டென்றால் போகட்டும். டான் கஹான் குழு 2012-ல் ஒரு போராட்டத்தின் வீடியோவைக் காட்டியது. கூட்டம், கோஷம், போலீஸ். பார்ப்பவர்களில் பாதிப் பேரிடம், இது கருக்கலைப்பு மையத்துக்கு வெளியே கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் நடத்தும் போராட்டம் என்றார்கள். மீதிப் பேரிடம், ராணுவத்தில் தன்பாலின ஈர்ப்பாளர்கள்மீதான கட்டுப்பாட்டை எதிர்த்து ஆள் சேர்ப்பு மையத்துக்கு வெளியே நடக்கும் போராட்டம் என்றார்கள். வீடியோ ஒன்றுதான். தங்களுக்குப் பிடித்த கோரிக்கை என்று நினைத்தவர்களுக்கு வீடியோவில் அமைதியான கூட்டம் தெரிந்தது. பிடிக்காத கோரிக்கை என்று நினைத்தவர்களுக்கு வழிமறிப்பதும் மிரட்டுவதும் தெரிந்தது. போலீஸ் கலைத்தது சரியா, தப்பா என்ற தீர்ப்பும் அதற்கேற்ப மாறியது.

டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது தினசரி சாப்பாடு. ஒரு சாலை மறியல் வீடியோ வரும். பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் மெதுவாக நகரும். 'ஆம்புலன்ஸுக்கு வழிவிட்ட போராட்டக்காரர்கள்' என்று ஒருவர் அனுப்புவார். 'ஆம்புலன்ஸைத் தவிக்கவிட்ட போராட்டக்காரர்கள்' என்று இன்னொருவர் அனுப்புவார். இருவரும் எடிட் செய்யவில்லை. இருவருக்கும் அப்படித்தான் தெரிகிறது.

இதில் சிரிப்பு வராத இடமும் ஒன்று இருக்கிறது. பாலியல் புகார்கள். 2018-ல் 'மீ டூ' அலை இங்கே வந்தபோதிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு புகாரின்போதும் இரண்டு வாக்கியங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, 'நெருப்பில்லாமல் புகையாது, அந்தப் பெண்ணின் தைரியத்தைப் பாராட்டணும்.' இன்னொன்று, 'ஏன் இத்தனை வருஷம் சும்மா இருந்தா? சட்டம் தன் கடமையைச் செய்யட்டும், அதுவரை யாரையும் குற்றவாளின்னு சொல்லக் கூடாது.' தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. புகார் கொடுப்பவரைக் கேவலப்படுத்தக் கூடாது என்பது சரி. விசாரணை இல்லாமல் தண்டிக்கக் கூடாது என்பதும் சரி. ஆனால், எந்த வாக்கியம் எப்போது வெளியே வருகிறது? குற்றம் சாட்டப்பட்டவர் எந்தக் கட்சி, எந்தச் சாதி, எந்த ஹீரோவின் ஆள் என்று தெரிந்த பிறகு. போன மாதம் முதல் வாக்கியத்தைச் சொன்ன அதே வாய், இந்த மாதம் இரண்டாவதைச் சொல்கிறது. நடுவில் புகார் கொடுத்த பெண்ணுக்கு என்ன நடந்தது என்ற கேள்வி யாருக்கும் தேவைப்படாமல் போகிறது. மற்ற எல்லாவற்றையும் 'மனித இயல்பு' என்று மன்னிக்கத் தோன்றும் எனக்கு, இதை மட்டும் அப்படி விட மனசு வரவில்லை.

'நடுநிலையா இரு' என்றால் நடக்குமா?

நடக்காது என்கிறது இன்னொரு பழைய ஆய்வு. 1979-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்கள் 24 பேர், எதிர்ப்பவர்கள் 24 பேர் என்று எடுத்துக்கொண்டார்கள். மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்று ஓர் ஆய்வறிக்கையும், குறைக்கவில்லை என்று ஓர் ஆய்வறிக்கையும் எல்லோருக்கும் படிக்கக் கொடுக்கப்பட்டன. இரண்டும் சோதனைக்காகத் தயாரித்தவை. இரு பக்கமும் கேட்டால் மனசு கொஞ்சமாவது நடுவுக்கு வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? தங்கள் கருத்துக்கு ஒத்துவந்த அறிக்கையை 'நல்ல ஆய்வு' என்றும், ஒத்துவராததை 'முறையே சரியில்லை' என்றும் சொன்னார்கள். கடைசியில், முன்பைவிட உறுதியாகத் தங்கள் கருத்தில் நிற்பதாகச் சொன்னார்கள்.

அந்தக் குழுவில் இருந்த சார்லஸ் லார்டும் மார்க் லெப்பரும் இன்னொருவரோடு சேர்ந்து 1984-ல் இதற்கு மருந்து தேடினார்கள். ஒரு பிரிவினரிடம், 'நீதிபதி மாதிரி பாரபட்சம் இல்லாமல் படியுங்கள்' என்று மட்டும் சொன்னார்கள். பலன் இல்லை. ஏற்கெனவே நடுநிலையாக இருப்பதாகத்தானே ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்! இன்னொரு பிரிவினரிடம் வேறுமாதிரி சொன்னார்கள்: 'இதே முறையில் செய்த இதே ஆய்வு, நேர் எதிரான முடிவைச் சொல்லியிருந்தால் அப்போதும் இதே மதிப்பெண் போட்டிருப்பீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.' இது வேலை செய்தது. பாரபட்சம் பெரிய அளவில் காணாமல் போனது.

இதை நாம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம், செலவில்லை. கோபம் வரும் ஒரு செய்தியில் கட்சிப் பெயரை மட்டும் மனசுக்குள் மாற்றிப் போட வேண்டும். சந்தோஷம் வரும் செய்திக்கும் அப்படியே. சந்தோஷச் செய்திக்குச் செய்வதுதான் கஷ்டம். அங்கே சந்தேகமே வராது.

இதில் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. 'அப்போ ரெண்டு பக்கமும் தப்பு, உண்மை நடுவுலதான் இருக்கு' என்று ஒரு ஜாலி முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கிரீம் கணக்குக்கு ஒரே ஒரு சரியான விடைதான். அது நடுவில் இல்லை. சில சண்டைகளில் ஒரு பக்கம் சரியாகவும் இன்னொரு பக்கம் முழுத் தப்பாகவும் இருக்கலாம். எது எது என்று பார்க்க எண்களிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்று, இந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டு பெரியப்பாவிடம் போய், "உங்களுக்கு மோட்டிவேட்டட் ரீசனிங் பெரியப்பா" என்று சொல்லிவிடாதீர்கள். குரூப்பிலிருந்து உங்களைத் தூக்கிவிடுவார்கள். அதோடு, எதிராளியின் வாதத்துக்குப் பதில் சொல்லாமல் அவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வதும் அதே வியாதியின் இன்னொரு வடிவம்தான்.

'உண்மையைச் சொன்னா இன்னும் முறுக்கிக்குவாங்க, சொல்லி என்ன பிரயோஜனம்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அந்தப் பயம் கொஞ்சம் மிகையானது. 2016 அமெரிக்கத் தேர்தலின்போது, குற்றங்கள் பற்றி டிரம்ப் பேசியதற்குச் சரியான புள்ளிவிவரத்தை அவருடைய ஆதரவாளர்களிடமே காட்டி ஆய்வு செய்தார்கள். அவர்களில் பலர் எண்களைத் திருத்திக்கொண்டார்கள். டிரம்ப்மீதான அபிப்பிராயத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. மாமாவிடம் இதை எதிர்பார்க்கலாம். எண்ணை ஒப்புக்கொள்வார், ஓட்டை மாற்ற மாட்டார். அதுவே பெரிய விஷயம் என்பது என் கருத்து. எண்கள் பொதுவானவையாக இருந்தால்தான் சண்டையாவது ஒழுங்காகப் போட முடியும்.

எங்கள் டெஸ்க்கில் சில வாரங்களாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். யாராவது ஓர் அரசியல் செய்தியை எழுதினால், பதிவேற்றும் முன் கட்சிகளின் பெயரை எடுத்துவிட்டு 'அ', 'ஆ' என்று போட்டு, பக்கத்து சீட்காரருக்கு அனுப்ப வேண்டும். அவர் படித்துவிட்டு, எந்த வார்த்தை உறுத்துகிறது என்று சொல்ல வேண்டும். 'சாடினார்', 'சமாளித்தார்', 'தெளிவுபடுத்தினார்' மாதிரி வார்த்தைகள் அப்போதுதான் துருத்திக்கொண்டு தெரிகின்றன. ஒருவர் கேள்விக்குப் பதில் சொன்னால் 'தெளிவுபடுத்தினார்', இன்னொருவர் அதே பதிலைச் சொன்னால் 'சமாளித்தார்.' இப்போது இரண்டு இடத்திலும் 'சொன்னார்' என்று போடுகிறோம். சப்பென்று இருக்கிறது என்று ஒரு சீனியருக்கு வருத்தம். பக்கத்து சீட் நண்பருக்கு வேறு பிரச்னை. இரண்டாவது பத்தி வந்ததும் எழுந்து வந்து, "அது யாருன்னு மட்டும் சொல்லிடு ப்ளீஸ், இல்லைன்னா படிக்கவே ஓடல" என்கிறார்.